ஜன்னல் வெட்டாத திருத்தம்

கணினித் திரையில் ஒரு சொல்லை நீக்கிவிட்டு வேறொன்றை இடும்போது, பழைய சொல் எங்கே போயிற்று என்று நீங்கள் கவலைப்பட்டிருக்கமாட்டீர்கள். கவலைப்படத் தேவையும் இல்லை, அது போய்விடுகிறது. நான் வரைகலை பயின்ற காலத்தில் அது போகவில்லை. புதிய சொல்லுக்கு அடியிலேயே கிடந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் பிறருடைய நூல்களுக்கும் விளம்பரங்களுக்கும் எழுத்தை ஒழுங்குபடுத்திவிட்டு, சென்ற ஆண்டு என் மேசையை ஒழித்துக் கொடுத்தேன். இப்போது அத்தகைய மேசைகளில் வந்து அமர்ந்திருக்கும் உங்களிடம் சொல்ல என்னிடம் வெற்றிக் கதைகள் குறைவு. தப்பித்த கதைகள் சில உண்டு. அவற்றுள் முதலாவதை எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அதை நினைத்து முடிக்கையில் என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடையாற்றில் ஒரு கல்லூரியில் வரைகலையும் எழுத்து வடிவமைப்பும் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அச்சுக்கோக்கும் நிலையத்தில் கையெழுத்துப் படியைக் கொடுத்தால், புரோமைடு எனப்படும் பளபளப்பான தாளில் எழுத்துகள் பதிந்து வரும். அவற்றைக் கத்தியால் நறுக்கி, ரப்பர் சொல்யூஷன் தடவி, தடித்த வெள்ளை அட்டையில் வரிவரியாக ஒட்டவேண்டும். ஒட்டி முடித்த அட்டையை ஆர்ட்வொர்க் என்போம். அச்சகத்தார் அதைப் படமெடுத்துப் பிளேட் செய்வார்கள். மெய்ப்பில் பிழை அகப்பட்டால் அந்தச் சொல்லை மட்டும் மறுபடி கோக்கச் சொல்லி, நகத்தளவு துண்டாக வாங்கிவந்து ஒட்டுவோம். அத்துண்டுகள் எப்போதும் இரண்டிரண்டாகவே வரும்; ஒன்று தொலைந்தால் மற்றொன்று உதவும் என்பது அந்நிலையங்களின் வழக்கம்.

ஒட்டுவதற்கு இரண்டு முறைகள் இருந்தன. பிழையான சொல்லைச் சுற்றி நாற்புறமும் கீறிப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்தச் சிறு ஜன்னலுக்குள் புதிய துண்டைப் பதிப்பது ஒரு முறை. பிழையின் தலைமேலேயே துண்டை ஒட்டிவிடுவது மற்றொரு முறை. முன்னதற்குப் பத்து நிமிடம் ஆகும். பின்னதற்குப் பத்து நொடி போதும். எங்களுக்கு வகுப்பில் கற்பித்தது முன்னதை. நாங்கள் செய்தது பின்னதை. என் பக்கத்து மேசையில் இருந்த ஜரீனா மட்டும் விதிவிலக்கு. மயிலாப்பூரில் பல தலைமுறையாகத் தையற்கடை நடத்தும் குடும்பத்துப் பெண். எவ்வளவு அவசரமானாலும் ஜன்னல் வெட்டாமல் துண்டை ஒட்டமாட்டாள்.

“என்ன ஜரீனா, காஜா எடுக்கறியா?” என்று கேலி செய்வேன்.

“ஆமாண்டி வசு. நீ கிழிஞ்ச சட்டை மேலேயே இன்னொரு சட்டை மாட்டிக்கோ” என்பாள் தலை நிமிராமல்.

இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் வெளியார் ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒரு வேலையை ஏற்று, அதை அச்சு வரையில் கொண்டுசென்று, அச்சான படியைத் தேர்வாளர் முன் வைக்கவேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் விதி. அச்சுப்படி இல்லையேல் தேர்ச்சி இல்லை, ஓராண்டு வீண். நான் மந்தைவெளியில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றை நடத்திவந்த பெண் மருத்துவரை அணுகியிருந்தேன். காய்ச்சல் மருந்தை எந்த வயதுக் குழந்தைக்கு எத்தனை கரண்டி கொடுப்பது என்பதைத் தாய்மார்களுக்கு விளக்கும் ஒற்றைத் தாள் அவருக்குத் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் நடத்தவிருந்த இலவச முகாமில் அதை வழங்கவேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை காலை தேர்வு.

தாளின் நடுவில் மூன்றே வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. மேல் வரி, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உரியது. அதில் ‘அரை’ என்றிருக்க வேண்டிய இடத்தில், கோத்தவர்கள் கீழ் வரியைப் பார்த்து ‘இரண்டு’ என்று கோத்திருந்தார்கள். மெய்ப்பைப் படித்த மருத்துவர் அதைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினார்.

“இதை மட்டும் பார்த்துப் பண்ணும்மா. மத்தது எது கோணலா இருந்தாலும் பரவாயில்ல” என்றார்.

‘அரை’ என்ற துண்டு இரண்டு படிகளாக வந்தது. ஒன்றை, வழக்கம்போல, பிழையின் மேலேயே ஒட்டினேன். அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்து, ஓரத்தில் கையொப்பமிட்டார். அத்துடன் நான் அச்சகத்துக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. கல்லூரிக்குத் திரும்பி அட்டையை எட்ட வைத்துப் பார்த்தபோது, அட்டவணையின் கோடுகள் சற்றே மெலிந்திருப்பதாகப் பட்டது. செட் ஸ்கொயரை வைத்து ஒவ்வொரு கோட்டையும் ஒரு நூலிழை தடிப்பாக்கினேன். அழகாகவே இருந்தது. படித்து ஒப்புதல் பெற்ற அட்டைதானே என்று மறுபடி படிக்காமல் உறையிலிட்டு, புதன்கிழமை மாலை சிந்தாதிரிப்பேட்டை அச்சகத்தில் ஒப்படைத்தேன்.

வியாழன் காலை பதினொரு மணியளவில், தேர்வுக்காக என் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செட் ஸ்கொயரைத் திருப்பினேன். அதன் அடிப்புறத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. அதில் ‘அரை’ என்று இருந்தது.

“என்னடி, இப்படி முழிக்கற?” என்றாள் ஜரீனா.

காட்டினேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“ஒட்டினதா? எக்ஸ்ட்ராவா?”

“தெரியல.”

“பின்னால தொட்டுப் பாரு. எக்ஸ்ட்ரான்னா சொல்யூஷன் இருக்காது.”

தொட்டேன். பிசுபிசுத்தது. ஆனால் மூன்றாண்டுகளாகத் துடைக்கப்படாத என் செட் ஸ்கொயர் முழுவதுமே பிசுபிசுத்தது. குப்பைக்கூடையில் இரண்டாவது துண்டு கிடந்தால் ஐயம் தீர்ந்துவிடும். கூடையைக் காலையிலேயே கொட்டிக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று சொல்லவேண்டும். ஏனெனில், அடுத்த இரண்டு நிமிடங்களில் என் மனம் செய்த வேலை, உங்கள் மனமும் ஒருநாள் செய்யப்போகும் வேலை. அது மிகுந்த திறமையோடு எனக்காக வழக்காடியது. ஒட்டிய துண்டை நான் நன்றாக அழுத்தியிருந்தேன் என்றது. உபரித் துண்டு மேசையில் எங்கோ கிடந்து கருவியில் ஒட்டிக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. விழுந்திருந்தாலும் அச்சகத்தில் யாரேனும் கவனித்திருப்பார்கள் என்றது. கடைசியாக, மெல்லிய குரலில், இப்போது அச்சை நிறுத்தினால் நாளைக்கு உன் கையில் தாள் இருக்காது என்றது. இந்தக் கடைசி வாதம்தான் முதல் வாதம் என்பதும், மற்றவை அதற்கு ஆடை உடுத்த வந்தவை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

ஜரீனா ஒன்றே ஒன்று கேட்டாள். “ஜன்னல் வெட்டினியா?”

“இல்ல.”

“அப்போ விழுந்தா ஓட்டை தெரியாதே வசு. அடியில ‘இரண்டு’தானே தெரியும்?”

அதுதான் அந்தத் திருத்தத்தின் கொடுமை. ஜன்னல் வெட்டியிருந்தால், துண்டு விழுந்த இடம் வெறுமையாக இருந்திருக்கும். படமெடுப்பவரோ அச்சிடுபவரோ பார்த்தவுடனே கேட்டிருப்பார். என் அட்டையிலோ கேட்பதற்கு ஒன்றுமில்லை. முழுமையான, ஒழுங்கான, கோடு தடித்த ஓர் அட்டவணை. அதில் பச்சைக் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து.

கல்லூரி வாசலில் இருந்த பூத்திலிருந்து அச்சகத்துக்குத் தொலைபேசினேன். மறுமுனையில் மணியே அடிக்கவில்லை. அந்த வாரம் அந்தப் பகுதியில் கேபிளுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஜரீனா தன் டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துக் கிளப்பினாள். அடையாற்றுப் பாலத்தைக் கடந்து மந்தைவெளியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினாள்.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாமா?”

“வேண்டாம். முதல்ல மிஷின்” என்றேன்.

பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம், நெருக்கடியில் முதலில் இயந்திரத்தை நிறுத்து, பிறகு மன்னிப்புக் கேள் என்று இதற்கொரு பெயர் சூட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். உண்மை அதுவன்று. மருத்துவரின் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். அந்த அச்சம் தற்செயலாகச் சரியான திசையில் என்னை ஓட்டியது, அவ்வளவுதான்.

லஸ், இராயப்பேட்டை, மவுண்ட் ரோடு என்று வந்து, கூவத்தைத் தாண்டிச் சிந்தாதிரிப்பேட்டைச் சந்துக்குள் நுழைந்தபோது, இயந்திரத்தின் தடதடப்பு தெருமுனையிலேயே கேட்டது. அச்சக முதலாளி காகிதம் வாங்கப் போயிருந்தார். இயந்திரத்தை ஓட்டும் ஏழுமலை மட்டும் இருந்தார், முப்பது வயதிருக்கும்.

“இன்னா பாப்பா, சாய்ங்காலந்தான வரச்சொன்னாரு மொதலாளி? அதுக்குள்ள பறந்துகினு வந்துட்ட?”

அடுக்கின் மேலிருந்து ஒரு தாளை எடுத்தேன். மை இன்னும் ஈரமாக இருந்தது. மேல் வரியில், நான் தேர்ந்தெடுத்த எழுத்தில், நான் தேர்ந்தெடுத்த அளவில், மிகத் தெளிவாக ‘இரண்டு’ என்றிருந்தது.

“நிறுத்துங்கண்ணே! மிஷினை நிறுத்துங்க!”

“இன்னாத்துக்கு? ஜோராத்தான வந்துகினு கீது? மொதலாளி இல்லாத நேரத்துல நிறுத்தினா எம்மேல எகிறுவாரு.”

“தப்பா இருக்குண்ணே. ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு அரைக் கரண்டிதான். இதுல ரெண்டுன்னு வந்திருக்கு.”

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மை படிந்த சுட்டுவிரலால் மேல் வரியைத் தொட்டார். பிறகு அந்தக் கை பொத்தானை நோக்கிப் போனது. இயந்திரம் இழுத்து இழுத்து நின்றது. எகிறப்போகும் முதலாளியைப் பற்றி அவர் மேலும் பேசவில்லை.

“இத்துல ஒண்ணு ஊட்டுக்குப் பூட்ச்சு” என்றார்.

“யார் வீட்டுக்கு?”

“நம்ம ஊட்டுக்குத்தான். டீ குடிக்கப் போறப்போ எட்த்துகினு போய்க் குட்த்துட்டு வந்தேன். கொயந்தைக்கு நேத்துலேர்ந்து ஜொரம்.”

“குழந்தைக்கு என்ன வயசு?” என்று ஜரீனா கேட்டாள்.

“எட்டு மாசம்.”

அவர் வீடு பின்சந்தில் இருந்தது. நாங்கள் மூவரும் ஓடினோம். ஓடும்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை. தேர்வு, ஆண்டு, மதிப்பெண் எதுவும் நினைவில்லை. ஒரு கரண்டியும் இன்னொரு கரண்டியும் மட்டும் கண்முன் நின்றன. அவர் மனைவி வாசலில் அடிபம்பின் அருகே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

“மருந்து குட்த்தியா மே?” என்று தொலைவிலிருந்தே கத்தினார் ஏழுமலை.

“இன்னாத்துக்கு இப்டி ஓடியாற? யாரு இதுங்க?”

“குட்த்தியா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல!”

“குட்த்தேன். அப்பவே குட்த்துட்டேன்.”

ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டார். “எத்தினி?”

“அரக் கரண்டி. இன்னாய்யா ஆச்சு உனக்கு?”

ஜரீனா அப்படியே பம்பின் மேடையில், ஈரம் என்றும் பாராமல், உட்கார்ந்துவிட்டாள்.

“நீ குட்த்த பேப்பர்ல ரெண்டுன்னு போட்டுக்கீது” என்று தொடர்ந்தார் அந்தப் பெண், கையைக் கழுவிக்கொண்டே. “பால் மறக்காத கொயந்தைக்கு எவனாச்சும் ரெண்டு கரண்டி ஊத்துவானா? போன தபா ஆஸ்பத்திரில நர்சம்மா அரதான்னு சொல்லிச்சு. அத்தத்தான் குட்த்தேன். எந்தக் கய்தை எழுதிச்சு இத்த?”

“நான்தாங்க” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பட்ச்ச பொண்ணாட்டம் கீற?”

“சரியாத்தான் ஒட்டினேன். ஒட்டினது விழுந்துடுச்சு.”

“வியுந்துடுச்சுன்னா? நானு நர்சம்மா சொன்னத நெனப்பு வெச்சினு கீறேன், அதனால நம்பல. பக்கத்தூட்டுக்காரி நம்புவாளே! அச்சுல போட்டுக்கீதே, அவ இன்னா செய்வா?”

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனம் இளகியிருக்க வேண்டும். “சர்தான், உள்ள வந்து பாரு. அயுவாத” என்றார். தூளியில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. நாட்காட்டி மாட்டிய ஆணியில் என் தாள் தொங்கியது. அதைக் கழற்றி அவர் கையாலேயே கிழித்து என்னிடம் கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. பின்னர் எழுத்தைப் பற்றி எனக்குக் கற்பித்தவர்கள் பலர். அவர்களில் எவரும் ‘அவ இன்னா செய்வா’ என்ற கேள்விக்கு மேல் எனக்கு ஒன்றைக் கற்பித்ததில்லை. நாம் ஓர் எழுத்தைத் தெளிவாக்குகிறோம், சீராக்குகிறோம், கண்ணுக்கு இனிதாக்குகிறோம். அத்தனையும் சேர்ந்து அதற்கு ஒரு நம்பகத்தன்மையைத் தருகின்றன. பிழைக்கும் அதே நம்பகத்தன்மையைத் தருகின்றன. கோணல்மாணலாக எழுதிய தாளாக இருந்தால் படிப்பவர் ஒருமுறை ஐயுறுவார். நம் கைபட்ட தாளை ஐயுறமாட்டார்.

அச்சகத்துக்குத் திரும்பி, அச்சான தாள்கள் அனைத்தையும் குறுக்கே வெட்டிப் போட்டோம். முதலாளி வந்து கத்தவேண்டிய அளவு கத்தினார். பிறகு, மறுநாள் பிற்பகலுக்கு முன் இயந்திரம் கிடைக்காது என்றார். அவர் மேசையில் அட்டையை வைத்து ‘இரண்டு’ என்ற சொல்லைச் சுற்றிக் கீறினேன். ஜரீனா கத்தியை வாங்கிக்கொள்ள நீட்டிய கையை விலக்கி நானே பெயர்த்தெடுத்து, செட் ஸ்கொயரிலிருந்து உரித்துக் கையோடு கொண்டுவந்திருந்த ‘அரை’யை அந்த ஜன்னலில் பதித்தேன். அவள் அன்று காஜாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதற்காக அவளுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன்பின் மந்தைவெளி. மருத்துவரிடம் எதையும் குறைக்காமல் சொன்னேன். “எத்தனை வெளிய போச்சு?” என்று கேட்டார். ஒன்று என்றும், அது திரும்பி வந்துவிட்டது என்றும் சொன்னேன்.

“நான் கையெழுத்துப் போட்டப்போ சரியாத்தானே இருந்தது?”

“இருந்தது டாக்டர். அப்புறம் நான் கோடெல்லாம் கொஞ்சம் தடிமனாக்கினேன்.”

“அதை உன்னை யாரு கேட்டா?”

எவரும் கேட்கவில்லை. ஒப்புதல் பெற்ற பின்னர் அழகுக்காகச் செய்யும் அந்தச் சிறு தொடுகை இருக்கிறதே, அது நம் தொழிலில் நல்லவர்களுக்கே உரிய குற்றம். சோம்பேறிகள் அதைச் செய்வதில்லை. உங்கள் மேசையில் இன்று கத்தியும் இல்லை, சொல்யூஷனும் இல்லை. ஆனால் நீக்காமல் மறைத்துவைத்த அடுக்குகள் உங்கள் கோப்புகளிலும் இருக்கின்றன, கடைசி நேரத்தில் ஒரு கோட்டைத் தடிப்பாக்கும் ஆசையும் இருக்கிறது. பிழையை மூடாதீர்கள், எடுத்து எறியுங்கள். தொட்டால் மறுபடி முழுவதும் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை தேர்வாளர் முன் வெறுங்கையுடன் நின்றேன். வெறுங்கை என்பதும் தவறு. அந்தப் பெண் கிழித்துக் கொடுத்த பிழையான தாள் கையில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அச்சாகாத வேலைக்கு நான் எப்படி மார்க் போடறது?” என்று எங்கள் துறைத் தலைவரைக் கேட்டார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அந்தத் தாழ்வாரத்தில் நின்ற நேரம் நீண்டது என்றாலும், அது என்னைப் பெரிதாக வருத்தவில்லை என்பதைச் சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய ஒன்றுக்காக முந்தைய நாளே நான் நடுங்கி முடித்திருந்தேன். திங்களன்று சரியான அச்சுப்படியைச் சேர்க்கவேண்டும், தேர்ச்சிக்கு வேண்டிய குறைந்த மதிப்பெண் மட்டுமே கிடைக்கும் என்று தீர்ப்பாயிற்று. வகுப்பிலேயே கடைசி மதிப்பெண். ஜரீனா முதல். இருவரும் கல்லூரி உணவகத்தில் ஒரே தட்டில் சமோசா தின்றோம்.

பிற்பகல் மறுபடி சிந்தாதிரிப்பேட்டை. புதிய பிளேட்டைப் பூட்டி, நான்கைந்து தாள்கள் ஓட்டிவிட்டு, ஏழுமலை இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார்.

“படி.”

படித்துப் பார்த்துத் தலையசைத்தேன்.

“அப்டி இல்ல. சத்தமா படி. நானும் கேக்கறேன்.”

வயதையும் அளவையும் வரிவரியாக உரக்கப் படித்தேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் தம் கையிலிருந்த தாளில் விரலை நகர்த்தினார். மேல் வரியை மட்டும் இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார். ‘அரை’ என்று மீண்டும் படித்தேன்.

“சரி” என்று தாளை வைத்துவிட்டுப் பொத்தானை நோக்கித் திரும்பியவர், பாதியில் நின்று சொன்னார்: “காலைல ஜொரம் எறங்கிடுச்சு பாப்பா. எய்ந்து உக்காந்துகினு ஒரே சிரிப்பு.”

இயந்திரம் ஓடத் தொடங்கியது.